ஒரே எந்திரம், ஓராயிரம் வேஷம்



மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடு என்று மாணவர் பேரவை அண்ணன் கேட்டதும் எனக்கு உள்ளுக்குள் உதறல்தான். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். கட்டுரை என்றால் பரீட்சையில் எழுதியதோடு சரி. ஆனாலும் இந்த வருஷம் நம்ம லேப்பில் நடந்த ஒரு சின்னக் காரியம், எழுபது வருஷத்துக்கு முன்பு இறந்துபோன ஒரு மேதையின் வாழ்க்கையைத் தேடிப் படிக்க வைத்தது. அவர் பெயர் ஆலன் டூரிங். அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பீரோவில் கிடைத்த ஃபிளாப்பிகள்

லேப் பீரோவைத் துடைத்துக்கொண்டிருந்தோம். அடித்தட்டில் ஒரு அட்டைப் பெட்டி. உள்ளே நாலு ஃபிளாப்பி. மூன்றில் எம்.எஸ்.-டாஸ் 6.22 என்று அச்சாகியிருந்தது. 1994-ல் வெளிவந்த இயங்குதளம்! நாலாவதில் பேனாவால் 1997 என்று மட்டும் எழுதியிருந்தது. தூக்கிப் போட்டுவிடலாமா சார் என்று கேட்டேன். சார் சிரித்தார். தூக்கிப் போடுவதற்கு முன்னால் அதை ஓட்டிக் காட்டு பார்ப்போம் என்றார்.

இப்போதைய கம்ப்யூட்டரில் ஃபிளாப்பி போட வாயே கிடையாதே! யு.எஸ்.பி.-யில் மாட்டும் டிரைவ் ஒன்றைச் சார் எங்கிருந்தோ வாங்கி வந்தார். ஒவ்வொரு ஃபிளாப்பியையும் அப்படியே 1.44 எம்.பி. கோப்பாகப் பிரதி எடுத்தேன். இரண்டாவது ஃபிளாப்பி இரண்டு தடவை முரண்டு பிடித்து மூன்றாம் தடவைதான் வழிக்கு வந்தது.

பிறகு விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளைத் திறந்து, அதற்குள்ளே ஒரு பொய்க் கம்ப்யூட்டரை உண்டாக்கினேன். மெய்நிகர் இயந்திரம் என்று பாடத்தில் படிக்கிறோமே, அதேதான். அதற்கு நான் ஒதுக்கிய நினைவகம் 32 எம்.பி., வன்தட்டு 500 எம்.பி. நம்ம லேப் கம்ப்யூட்டரின் நினைவகம் 8 ஜி.பி. அதில் 256-ல் ஒரு பங்கு! டாஸுக்கு அதுவே அரண்மனை.

முதல் தடவை ஆன் செய்தேன். இயங்குதளம் இல்லை என்று சொல்லி நின்றுவிட்டது. முதல் ஃபிளாப்பியின் கோப்பைச் செருக மறந்திருந்தேன். மறுபடி ஆரம்பித்தேன். நீலத் திரை வந்தது. வன்தட்டைப் பிரித்தது, ஒரு தடவை ரீஸ்டார்ட் ஆனது, ஃபார்மட் செய்தது, இரண்டாவது ஃபிளாப்பியைக் கேட்டது, மூன்றாவதைக் கேட்டது. எல்லாம் முடிந்து கறுப்புத் திரையில் சி:\> என்று வந்து கர்சர் மினுக்கியபோது லேப்பே கைதட்டியது.

ஆனால் நிஜக் கம்ப்யூட்டரின் ஃபேன் அலற ஆரம்பித்துவிட்டது. ஏன் தெரியுமா? டாஸுக்கு ஓய்வெடுக்கத் தெரியாது. யாராவது கீபோர்டைத் தட்டினார்களா, தட்டினார்களா என்று விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். டாஸ்ஐடில் என்ற குட்டி நிரலைச் சேர்த்த பிறகுதான் சத்தம் அடங்கியது.

எனக்கு ஒரு சந்தேகம். தான் ஒரு ஜன்னலுக்குள் இருக்கிறோம் என்பதே டாஸுக்குத் தெரியவில்லை. ஒரு கம்ப்யூட்டர் எப்படி இன்னொரு கம்ப்யூட்டராக நடிக்க முடியும்? சாரிடம் கேட்டேன். அவர் போர்டில் ஒரு பெயரையும் 1936 என்ற வருஷத்தையும் எழுதிவிட்டு, போய்ப் படித்துவிட்டு வா என்றார்.

போத்தனூரும் குன்னூரும்

படிக்க உட்கார்ந்ததும் முதல் வரியிலேயே ஆச்சரியம். ஆலன் டூரிங்கின் அம்மா பிறந்தது நம்ம போத்தனூரில்! ஆம் நண்பர்களே, கோயம்புத்தூர் பக்கத்தில் ரயில் ஜங்ஷன் இருக்கிறதே, அந்தப் போத்தனூர்தான். அவர் பெயர் எத்தல் சாரா ஸ்டோனி. பிறந்த வருஷம் 1881. அவருடைய தந்தை எட்வர்ட் வாலர் ஸ்டோனி மெட்ராஸ் ரயில்வேயில் தலைமைப் பொறியாளராக இருந்தவர். டூரிங்கின் அப்பா ஜூலியஸும் சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. அண்ணன் ஜான் 1908-ல் பிறந்தது குன்னூரில், தாத்தா வீட்டில்.

ஆலன் மட்டும் லண்டனில் பிறந்தார், 1912 ஜூன் 23-ம் தேதி. அப்பாவுக்கு இங்கே உத்தியோகம். கைக்குழந்தையை இந்த வெயிலுக்குக் கொண்டுவர வேண்டாம் என்று நினைத்தார்கள். ஆலனுக்கு இரண்டு வயது நிறையும் முன்பே, அண்ணனையும் தம்பியையும் இங்கிலாந்தில் ஒரு ராணுவ அதிகாரி குடும்பத்திடம் விட்டுவிட்டு அம்மா கப்பல் ஏறினார். நம்ம ஊரை ஆண்டவர்களின் பிள்ளை, நம்ம ஊராலேயே அப்பா அம்மாவைப் பிரிந்து வளர்ந்தது. கேட்கவே ஒரு மாதிரியாக இல்லை?

பதின்மூன்று வயதில் ஷெர்போர்ன் என்ற ஊரில் பள்ளியில் சேர வேண்டும். அது 1926. பள்ளி திறக்கும் நேரத்தில் இங்கிலாந்து முழுவதும் பொது வேலைநிறுத்தம், ரயில் ஓடவில்லை. பையன் என்ன செய்தான்? கப்பலிலிருந்து இறங்கி, சவுத்தாம்ப்டனிலிருந்து சைக்கிளிலேயே கிளம்பிவிட்டான். 60 மைலுக்கு மேல்! வழியில் ஒரு விடுதியில் இரவு தங்கி மறுநாள் போய்ச் சேர்ந்தான். மந்தாரக்குப்பத்திலிருந்து சைக்கிளில் காலேஜுக்கு வருவதற்கே அலுத்துக்கொள்ளும் நம்மைப் போன்றவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

போன நண்பன்

அந்தப் பள்ளியில் கணக்கைவிட லத்தீனுக்குத்தான் மதிப்பு. டூரிங்கின் கையெழுத்து கோழி கிளறினாற்போல இருக்கும். ஆனால் பதினாறு வயதில் ஐன்ஸ்டீனைப் படித்துப் புரிந்துகொண்டவர். அவரைப் புரிந்துகொண்ட ஒரே நண்பன் கிறிஸ்டோபர் மார்கம். இரண்டு பேரும் சேர்ந்து நட்சத்திரம் பார்ப்பார்கள், கணக்குப் போடுவார்கள். 1930 பிப்ரவரியில் கிறிஸ்டோபர் காசநோயால் திடீரென்று இறந்துவிட்டார். டூரிங் நொறுங்கிப் போனார். உடம்பு போன பிறகு அந்த மனசு எங்கே போகும், வேறு ஒரு பொருளில் அது தங்க முடியுமா என்ற கேள்வி அன்றிலிருந்து அவரை விடவே இல்லை.

இதைப் படித்த அன்று, நாலாவது ஃபிளாப்பியை டாஸுக்குள் போட்டுப் பார்த்தேன். க்யூபேசிக்கில் எழுதிய ஒரு மார்க் லிஸ்ட் நிரல். யாரோ ஒரு அண்ணனோ அக்காவோ 1997-ல் எழுதியது. ஓட்டினேன். பெயரைக் கேட்டது, அஞ்சு பாடத்து மார்க்கைக் கேட்டது, கூட்டிச் சொல்லி வாழ்த்து என்று போட்டது. எழுதியவர் இப்போது எங்கே இருக்கிறாரோ! அன்றைய கம்ப்யூட்டர் காயலான் கடைக்குப் போயிருக்கும். ஆனால் அவருடைய வாழ்த்து எனக்கு வந்து சேர்ந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நிலக்கரியைத் தோண்டி எரிய வைக்கும் ஊரில் பிறந்த எனக்கு, புதைந்து கிடப்பது எல்லாம் செத்துப் போனதில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

1936

கேம்பிரிட்ஜில் டூரிங் ஆசைப்பட்டது ட்ரினிட்டி கல்லூரி. அங்கே உதவித்தொகை கிடைக்கவில்லை. 1931-ல் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். 22 வயதில் அதே கல்லூரியின் ஆய்வாளர் ஆனார். அப்போது கணித உலகத்தில் ஒரு பெரிய கேள்வி இருந்தது. எந்தக் கணிதக் கூற்றைக் கொடுத்தாலும், அது நிரூபிக்கக் கூடியதா இல்லையா என்று இயந்திரத்தனமாகச் சோதித்துச் சொல்ல ஒரு பொது வழி உண்டா? ஹில்பர்ட் என்ற ஜெர்மன் மேதை எழுப்பிய கேள்வி இது. 1936-ல் டூரிங் எழுதிய கட்டுரை, அப்படி ஒரு வழி கிடையாது என்று நிரூபித்தது.

நமக்கு முக்கியம் அவர் அதை நிரூபித்த விதம். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் மெஷின் இல்லை, உட்கார்ந்து கணக்குப் போடும் மனுஷன். அந்த மனுஷன் செய்வதை டூரிங் பிரித்துப் போட்டார். கட்டம் கட்டமாக ஒரு நீள நாடா. ஒரு கட்டத்தில் இருக்கும் குறியைப் படி, தேவையானால் அழித்து வேறு எழுது, ஒரு கட்டம் இடமோ வலமோ நகரு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு அட்டவணையில் பார். அவ்வளவுதான். இதை ஒரு எந்திரம் செய்யலாம் என்றார்.

அடுத்து அவர் சொன்னதுதான் அசல் அதிசயம். அந்த அட்டவணையையே குறிகளாக மாற்றி நாடாவில் எழுதிவிட்டால்? அதைப் படித்து அந்த எந்திரம் மாதிரியே நடந்துகொள்ளும் இன்னொரு எந்திரத்தைச் செய்யலாம். எந்த எந்திரத்தின் அட்டவணையைக் கொடுத்தாலும் அதுவாகவே மாறும் எந்திரம்! அதற்குப் பெயர் பொது எந்திரம்.

நம்ம மைன்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கெட் வீல் வெட்டும். கன்வேயர் சுமக்கும். ஸ்ப்ரெடர் மண்ணைக் கொட்டும். பக்கெட் வீலைப் பார்த்து, இன்றைக்கு ஒருநாள் நீ கன்வேயராக இரு என்றால் இருக்குமா? ஒரு எந்திரத்துக்கு ஒரு வேலை. உலகம் முழுக்க அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது. ஒரே எந்திரம் போதும், சொல்லிக் கொடுப்பதை மாற்றினால் வேலை மாறும் என்று 24 வயதுப் பையன் சொன்னார். அப்போது அவர் கையில் எந்திரம் எதுவும் கிடையாது. காகிதமும் பென்சிலும்தான்.

இப்போது புரிகிறதா டாஸ் எப்படி ஏமாந்தது என்று? விர்ச்சுவல்பாக்ஸ் முடிந்த மட்டும் டாஸின் கட்டளைகளை நிஜப் பிராசஸரிடமே ஓட விட்டுவிடுகிறது. ஃபிளாப்பி, வன்தட்டு, திரை இதெல்லாம் மட்டும் நடிப்பு. ஐ.பி.எம். கம்பெனி 1972-ல் விஎம்/370 என்று இந்த வித்தையை விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டது. ஆனால் வேர் 1936-ல் இருக்கிறது.

ராத்திரி இதை அப்பாவிடம் சொன்னேன். ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டருக்குள்ளே கம்ப்யூட்டரா, அது எப்படிடா தம்பி என்றார். விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அப்போ கூத்துக்காரன் மாதிரின்னு சொல்லு என்றார். திரௌபதி அம்மன் திருவிழாவில் போன வருஷம் அர்ச்சுனன் கட்டின அதே ஆள்தானே இந்த வருஷம் பாஞ்சாலி கட்டினான், ஆள் ஒண்ணு, பாட்டு வேற வேற, அதானே என்றார். நான் அசந்து போனேன். நான் ஒரு வாரம் மண்டையைப் போட்டு உடைத்ததை, அஞ்சாவது படித்த அப்பா ஒரு வாய்ச் சோற்றுக்குள் சொல்லிவிட்டார்!

போரும் புதிரும்

1939 செப்டம்பரில் போர் மூண்டதும் டூரிங் பிளெட்ச்லி பார்க் என்ற ரகசிய இடத்துக்குப் போனார். ஜெர்மானியர்கள் எனிக்மா என்ற எந்திரத்தால் செய்திகளைப் பூட்டி அனுப்பினார்கள். அந்தப் பூட்டை 1932-லேயே முதலில் திறந்தவர்கள் போலந்து நாட்டுக் கணித வல்லுநர்கள். அவர்கள் தந்த வழியிலிருந்து மேலே போய், டூரிங் பாம் என்ற எந்திரத்தை வடிவமைத்தார். முதல் பாம் 1940 மார்ச்சில் வந்தது. 36 எனிக்மாக்கள் ஒரே நேரத்தில் செய்வதை ஒரு பாம் செய்து பார்க்கும். கவனித்தீர்களா, இங்கேயும் ஒரு எந்திரம் வேறு எந்திரங்களின் வேஷம் கட்டுகிறது! ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களின் செய்தியை உடைத்த குழுவுக்கு அவர்தான் தலைவர். அட்லாண்டிக் கடலில் பல கப்பல்கள் தப்பியதற்கு அந்தக் குழுவும் காரணம்.

மனிதர் ஒரு விசித்திரம். மகரந்த ஒவ்வாமைக்காக முகத்தில் விஷவாயு முகமூடி மாட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டுவார். டீ மக்கை யாரும் எடுத்துவிடக் கூடாது என்று ரேடியேட்டரோடு சேர்த்துச் சங்கிலியால் கட்டி வைப்பார். மாரத்தானில் 1947-ல் 2 மணி 46 நிமிஷத்தில் ஓடியவர். இத்தனைக்கும் போரில் அவர் செய்த வேலை 1970-கள் வரை உலகத்துக்குத் தெரியாது. சாகும்வரை யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

போருக்குப் பிறகு நிஜமாகவே ஒரு பொது எந்திரம் கட்ட விரும்பினார். லண்டனில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஏ.சி.இ. என்ற கம்ப்யூட்டருக்குத் திட்டம் போட்டார். வேலை இழுத்துக்கொண்டே போனதில் அலுத்து, 1948-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். எந்திரம் சிந்திக்குமா என்ற கேள்வியை 1950-ல் கட்டுரையாக எழுதினார். செயற்கை நுண்ணறிவு என்று இன்று எல்லோரும் பேசுகிறோமே, அந்தப் பேச்சுக்கு அது முக்கியமான தொடக்கம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அவருடைய செஸ் நிரல். அதை ஓட்ட அன்றைக்குத் தக்க கம்ப்யூட்டர் இல்லை. அதனால் 1952-ல் அவரே கம்ப்யூட்டராக உட்கார்ந்துவிட்டார்! தான் எழுதிய விதிகளைத் தாளில் ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒரு காய் நகர்த்த அரை மணி நேரம் கணக்குப் போட்டு, ஒரு நண்பரோடு ஆடினார். தோற்றும் போனார். லேப்பில் கம்ப்யூட்டர் கிடைக்கவில்லை என்று நாம் இனிமேல் சாக்கு சொல்ல முடியுமா?

கலைக்க விடாத வேஷம்

இனி எழுதுவதற்குக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. ஆனால் எழுதாமல் விட்டால் அது அவர் கதை ஆகாது.

டூரிங் ஆணை நேசிக்கும் ஆண். போரின்போது ஜோன் கிளார்க் என்ற கணித வல்லுநரோடு அவருக்குத் திருமணம் நிச்சயமானது. அந்தப் பெண்ணை ஏமாற்ற மனசு வராமல் உண்மையைச் சொன்னார். பின்பு அவரே நிச்சயத்தை முறித்துக்கொண்டார். இங்கிலாந்தில் அன்று அப்படி இருப்பது குற்றம். 1952-ல் அவர் வீட்டில் திருட்டுப் போனது. போலீசிடம் புகார் கொடுத்தார். விசாரணையில் ஒரு இளைஞரோடு தனக்கிருந்த உறவை மறைக்கவில்லை. திருட்டு ஒரு பக்கம் போக, வழக்கு அவர் மேலேயே பாய்ந்தது. சிறைக்குப் போகிறாயா, உன்னை மாற்றுவதற்கு ஹார்மோன் ஏற்றிக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். ஹார்மோனை ஏற்றார். ஒரு வருஷம். ரகசிய வேலைக்கான அனுமதியும் பறிபோனது.

எனக்கு அப்பா சொன்ன கூத்துக்காரன் ஞாபகம் வந்தது. ராத்திரி முழுக்கப் பாஞ்சாலியாக ஆடினவன், விடிந்ததும் தேங்காய் எண்ணெய் போட்டு அரிதாரத்தைத் துடைத்துவிட்டு, தன் முகத்தோடு வயலுக்குப் போவான். டூரிங்கை அப்படித் துடைக்க விடவில்லை. எந்திரத்துக்கு நாடாவை மாற்றலாம் என்று உலகத்துக்குச் சொன்னவர் அவர். உலகமோ அவரையே எந்திரமாக நினைத்து நாடாவை மாற்றப் பார்த்தது. மனுஷன் ஃபார்மட் செய்வதற்கு வன்தட்டு இல்லையே!

1954 ஜூன் 7-ம் தேதி இரவு, 41 வயதில், சயனைடு விஷத்தால் இறந்தார். மறுநாள்தான் பார்த்தார்கள். பக்கத்தில் பாதி கடித்த ஆப்பிள். தற்கொலை என்று விசாரணையில் முடிவு செய்தார்கள். போத்தனூரில் பிறந்த அந்த அம்மா மட்டும், ரசாயன ஆராய்ச்சியில் கைத்தவறுதலாக நடந்தது என்றே கடைசிவரை சொன்னார். மகனுடைய வாழ்க்கையை அவரே புத்தகமாக எழுதி 1959-ல் வெளியிட்டார். மகன் போரில் என்ன செய்தான் என்று அந்தப் புத்தகம் எழுதும்போது அவருக்கு முழுசாகத் தெரியாது.

2009-ல் பிரிட்டன் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். 2013-ல் அரசி பொதுமன்னிப்பு வழங்கினார். 2021-ல் 50 பவுண்டு நோட்டில் படம் வந்தது. நம் நாட்டிலும் இந்தக் குற்றச் சட்டத்தை 2018 செப்டம்பர் 6-ம் தேதி உச்ச நீதிமன்றம் நீக்கியது. நமக்கு அந்தச் சட்டத்தைக் கொடுத்துவிட்டுப் போனவர்களும் அதே வெள்ளைக்காரர்கள்தான்.

கடைசியாக ஒரு வார்த்தை

கம்ப்யூட்டர் துறையின் நோபல் பரிசு என்று சொல்லும் டூரிங் விருதை 1966 முதல் கொடுக்கிறார்கள். 1994-ல் அதைப் பெற்றவர்களில் ஒருவர் ராஜ் ரெட்டி. சித்தூர் மாவட்டத்தில் கிராமத்து விவசாயக் குடும்பம். கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958-ல் சிவில் படித்து முடித்தவர். அவர் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவர்தான். இதைப் படித்தபோது என் நெஞ்சு நிமிர்ந்தது. பெட்டி எதனால் செய்தது என்பது பெரிசில்லை, அதில் எதை ஓட்டுகிறோம் என்பதுதான் பெரிசு. டூரிங் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் இது.

இரண்டாவது பாடம் கொஞ்சம் கசப்பு. முதல் வருஷம் முதல் நாள், அப்பா என்ன செய்கிறார் என்று வகுப்பில் எல்லோரும் சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்தபோது மைன்ஸில் இருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். நிரந்தர வேலை, டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் என்று நண்பர்கள் நினைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை. இரண்டு வருஷமாக யாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. எந்தச் சட்டமும் என்னை மிரட்டவில்லை. நானாகவே பூசிக்கொண்ட அரிதாரம் இது. துடைக்கக் கூடாது என்று மிரட்டப்பட்ட மனிதர் போலீஸ் முன்னால் உண்மையைச் சொன்னார். எனக்கு என்ன கேடு?

ஆகவே நண்பர்களே, இந்த மலரிலேயே எழுதிவிடுகிறேன். என் அப்பா சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. கன்வேயர் பக்கத்தில் சிந்தும் மண்ணை அள்ளுகிறார். டவுன்ஷிப்புக்கு வெளியே ஓட்டு வீட்டில் இருக்கிறோம். பொது எந்திரத்தை ஒரே வரியில் எனக்குப் புரிய வைத்தவர் அவர்தான். அடுத்த திருவிழாவுக்கு எல்லோரும் எங்கள் ஊருக்கு வாருங்கள். ராத்திரி கூத்து உண்டு. விடிந்ததும் எங்கள் வீட்டில் சாப்பாடு.



— இரண்டாம் ஆண்டு, கணிப்பொறிப் பொறியியல்